கோடைக்கு ஆகாத வீடு

23 செப்டம்பர் 2024, திங்கள்

மரியாவின் பள்ளி ஸ்வெட்டரை அலமாரியிலிருந்து எடுத்தேன். காலரில் பூசணம் பச்சையாகப் பூத்திருந்தது. போன வாரம்தான் என் மனைவி டோரீன் துவைத்து இஸ்திரி போட்டு மடித்து வைத்தாள். முகர்ந்து பார்த்தேன். ஏன் முகர்ந்தேன்? தெரிந்த நாற்றம்தானே. ஈரச் சாக்கை மூடி வைத்துத் திறந்த மாதிரி. அதையே ஈரத்துணியால் துடைத்துப் பிள்ளைக்குப் போட்டு அனுப்பினேன். வேறு ஸ்வெட்டர் இல்லை, வெளியே தூறல்.

பெங்களூர் காக்ஸ் டவுனில் இந்த வீட்டுக்கு வந்து நான்கு வருடம். முன்பக்கம் பெரிய வீட்டில் ஓனர் சந்தானம் சார். பின்பக்கம் இரண்டு அறை, அதில் நாங்கள் மூன்று பேர். எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய தண்ணீர்த் தொட்டி. மழைக்காலம் முழுக்கச் சுவர் வேர்க்கும். வெயில் காலத்தில் உப்புப் பூக்கும். அந்தச் சுவரோரம்தான் கட்டில். வேறு எங்கும் போட இடமில்லை.

மரியாவுக்கு ஐந்து வயது. இந்த மாதத்தில் மூன்றாவது முறை வீசிங்.

25 செப்டம்பர்

சந்தானம் சாரைப் பார்த்துத் தொட்டியைச் சரி செய்யச் சொன்னேன். அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் கொடுக்கச் சொன்னார், அதில் ஒரு குறையும் வைக்க மாட்டார்.

“பழைய சுண்ணாம்புச் சுவர், ஃபிராங்க்ளின். அது மூச்சு விடும். நீங்க ஜன்னலைச் சாத்தியே வச்சா அது என்ன பண்ணும்?”

சுவர் மூச்சு விடுகிறதாம். என் பிள்ளையால் விட முடியவில்லை. இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

30 செப்டம்பர்

டாக்டர் சஹானா சின்னப் பெண், ஆனால் பேச்சில் சுற்றி வளைப்பதில்லை. வெயில் உள்ள, காய்ந்த ஊரில் சில பிள்ளைகளுக்கு இது குறைவதைப் பார்த்திருக்கிறாராம். சிலருக்குக் குறைவதே இல்லையாம். “ஊரை மாத்துங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அந்தச் சுவரை விட்டு முதல்ல வெளியே வாங்க” என்றார்.

பெங்களூரில் காய்ந்த சுவர் உள்ள வீட்டுக்கு வாடகை கேட்டால் எங்கள் இரண்டு பேர் சம்பளத்தில் ஒருவருடையது அப்படியே போய்விடும். டோரீன் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸ். நான் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகக் கோப்பு பார்ப்பவன். வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ் போனால் போதும், மற்ற நாள் வீட்டிலிருந்தே. அப்படியென்றால் ரயில் ஓடும் ஊர் எதுவாக இருந்தாலும் போகலாம் அல்லவா? டோரீன்தான் கேட்டாள். எந்த ஆபீஸ்காரனையும் போல நான் உடனே கூகிளில் தேடினேன்.

1 அக்டோபர்

“குறைந்த செலவில் குடும்பத்தோடு குடியேற வெதுவெதுப்பான பத்து ஊர்கள்.” படித்தேன். நான்கு ஊர் கோவாவிலும் போர்ச்சுகல்லிலும் இருக்கின்றன. எல்லாப் படத்திலும் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை வாளியோடு கடற்கரையில். இதை எழுதியவனுக்குப் பிள்ளை இருக்காது. இருந்தால் பக்கத்தில் ஆஸ்பத்திரி உண்டா, குழாயில் தண்ணீர் வருமா என்று ஒரு வரியாவது எழுதியிருப்பான்.

எங்கள் பட்டியலை டோரீன் மருந்துச் சீட்டின் பின்னால் எழுதினாள். வெயில் வேண்டும். வாடகை குறைவாக வேண்டும். அவளுக்கு ஆஸ்பத்திரி வேலை கிடைக்க வேண்டும். எனக்கு ரயில் வேண்டும். நான்கே நான்கு.

10 அக்டோபர்

ஆபீஸில் நோயலிடம் சொன்னேன். பக்கத்து மேஜை, ஆனேக்கல்காரன். “எங்க ஊருக்கு வா மச்சான், ஓசூர் பஸ் வீட்டு முன்னாடி நிக்கும்” என்றான். உன் ஊரில் வெயில் அடிக்குமா என்று கேட்டேன். நேற்றுத் தன் அம்மாவுக்கு இரண்டு கம்பளி வாங்கியதை அவனே பிறகு சொன்னான்.

1 நவம்பர்

தீபாவளிப் புகை. மரியாவுக்கு நெபுலைசரில் மூச்சு மருந்து நான்கு தடவை. தெருவில் பெரிய மனிதர்கள் சின்னப் பிள்ளைகளை விடச் சந்தோஷமாக வெடிக்கிறார்கள். யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

3 நவம்பர், ஞாயிறு

முதலில் ஓசூர். பெங்களூர்க் குளிர் எல்லைக் கோட்டில் நின்றுவிடும் என்று நினைத்தேன் போல. அதே குளிர், அதே தூறல், கூடவே லாரிப் புகை.

வீட்டுக்காரர் கதவைத் திறக்குமுன்னே, “நீங்க என்ன ஆளுங்க?” என்றார். கிறிஸ்டியன் என்றேன். “அது தெரியுது. அதுக்கு முன்னால?” என்றார். டோரீன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டாள். நான் மட்டும், “சரிங்க, வரோங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். வரோங்க! அவனுக்கு எதற்கு நான் ‘ங்க’ போட்டேன்?

17 நவம்பர்

கோலார் தங்கவயல். தமிழ் பேசும் தெரு, கோயில் மணி மாதிரிச் சத்தம் போடும் ஒரு சர்ச், வாடகை நம்ப முடியாத அளவு குறைவு. டோரீனின் முகம் மலர்ந்தது. பிறகு ஜன்னல் கட்டையில் விரலை வைத்துத் தேய்த்தாள். விரல் சாம்பல் நிறமாகிவிட்டது. சுரங்கத்திலிருந்து அரைத்துக் கொட்டிய மண் மலைபோல் குவிந்து கிடக்கிறது. காற்றடித்தால் வீட்டுக்குள் வரும். வீட்டுக்காரம்மா நல்லவர். “தினம் ரெண்டு வாட்டி துடைச்சா ஒண்ணும் தெரியாதுமா” என்றார். தன் பேத்தியும் மூச்சுக்கு மருந்து எடுப்பதாக அவரே சொன்னார்.

ரயிலில் திரும்பி வரும்போது டோரீன் அந்த மருந்துச் சீட்டை எடுத்தாள். பட்டியலுக்குக் கீழே எழுதியிருந்த ஊர்ப்பெயரை அடித்துவிட்டாள்.

24 நவம்பர்

காட்பாடி. நவம்பரில் வேர்த்தது! இவ்வளவு நல்ல வேர்வை. மாடி வீடு, கிழக்கு ஜன்னல், ஸ்டேஷனுக்கு நடக்கலாம், ஆஸ்பத்திரிக்குக் குறைவில்லை. வாடகை கொஞ்சம் அதிகம். சமாளிக்கலாம் என்றாள் டோரீன்.

வீட்டுக்கார அம்மாள் வாடகை, தண்ணீர், கரண்ட் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது மரியா இருமினாள். ஐந்து நிமிடம் விடவில்லை. அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். “டி.பி.யா?” என்றார். டோரீன் தன் நர்ஸ் அடையாள அட்டையைக் காட்டி, ஒட்டாது என்று விளக்கினாள். டாக்டர் சீட்டு அனுப்புகிறோம் என்றாள். சரி, போன் பண்றேன் என்றார்.

மாலையில் போன் வந்தது. சொந்தக்காரருக்கு விட்டாயிற்றாம். அவர் போனை வைத்ததாக நினைத்துக்கொண்டு யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது. “வீட்டைக் கழுவி விடச் சொல்லு.”

கழுவி விட. என் பிள்ளை நின்ற இடத்தை.

25 நவம்பர்

டோரீனிடம் அதைச் சொல்லவில்லை.

1 டிசம்பர்

என் வேலையைப் பற்றி இதுவரை எழுதினதில்லை. இன்ஷூரன்ஸ் பணம் கேட்டு வருகிறவர்களின் கோப்பில், அவர்களுக்கு முன்பே அந்த வியாதி இருந்ததா, பாலிசி எடுக்கும்போது மறைத்தார்களா என்று தோண்டிப் பார்ப்பது. பழைய மருந்துச் சீட்டு ஒன்று கிடைத்தால் போதும். மறைத்தார் என்று எழுதி மேலே அனுப்புவேன். பதினோரு வருடமாகச் செய்கிறேன். நன்றாகச் செய்கிறவன் என்று பெயர்.

திருப்பத்தூரில் ஒரு வீடு இருக்கிறதாம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். குடும்பத்தோடு வந்து காட்டினால்தான் கொடுப்பார். அடுத்த ஞாயிறு டோரீனுக்கு டியூட்டி. நான் மரியாவை மட்டும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

8 டிசம்பர், ஞாயிறு

வீடு கிடைத்துவிட்டது. டோக்கன் கொடுத்துவிட்டேன்.

எப்படிக் கிடைத்தது என்று எழுத வேண்டாமா? எழுதுகிறேன்.

ஜோலார்பேட்டையில் இறங்கியதும் மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்கினேன். தூக்கம் வரவழைக்கிற ரகம். கடைக்காரன் பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டான், ஏழு என்றேன். ஒரு ஸ்பூன் கொடுத்தேன். பஸ்ஸில் இன்னும் இரண்டு முறை இருமினாள். மறுபடி அரை ஸ்பூன். “அந்த வீட்ல இருமக்கூடாது செல்லம், வந்துச்சுன்னா வாயை மூடிக்கோ” என்று சொல்லிக் கொடுத்தேன். தலையாட்டினாள்.

தலைமையாசிரியர் வீட்டு சோபாவில் அவள் வாயைத் திறந்தபடி தூங்கினாள். “எவ்வளவு அடக்கமான குழந்தை” என்றார் அவர். ஜாதி கேட்கவில்லை, என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்கவில்லை. பிள்ளை சத்தம் போடாதுதானே என்று மட்டும் கேட்டார். அவர் மனைவிக்கு இதய ஆபரேஷன் ஆகியிருக்கிறது. போடாது என்றேன்.

நல்ல மனிதரைத்தான் ஏமாற்றியிருக்கிறேன். ஓசூர்க்காரனை ஏமாற்றியிருந்தால் இவ்வளவு அருவருப்பாக இருந்திருக்காது.

9 டிசம்பர்

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன்.

மதியம் பள்ளியிலிருந்து போன். மரியாவின் உதடு நீலமாக இருக்கிறது, உடனே வாருங்கள் என்றார்கள். ஆட்டோவில் அவள் விலா எலும்பு உள்ளே உள்ளே இழுத்தது. டோரீன் கிளினிக்கிலிருந்து நேரே வந்துவிட்டாள். ஆக்ஸிஜன் வைத்தார்கள்.

டாக்டர் சஹானா, இரண்டு நாளில் புதிதாக ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டார். டோரீன், “இல்ல டாக்டர், வழக்கமானதுதான்” என்றாள். அவ்வளவு நிச்சயமாகச் சொன்னாள். நான் பேசாமல் நின்றேன். எவ்வளவு நேரம்? ஒரு நிமிடம் இருக்குமா? அந்த ஒரு நிமிடம் நான் மறைத்தேன். பிறகு மருந்தின் பெயரைச் சொன்னேன். எத்தனை ஸ்பூன் என்றார். சொன்னேன். எதுக்கு என்றார். வீடு பார்க்கப் போனோம் என்றேன். டாக்டருக்குப் புரியவில்லை. டோரீனுக்குப் புரிந்துவிட்டது.

டாக்டர் போனபின் அவள் சத்தமே போடாமல்தான் கேட்டாள்.

“இருமலை நிறுத்தினா சளி எங்க போகும் ஃபிராங்க்? உள்ளதானே இருக்கும்? நான் நர்ஸு. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

வீடு கிடைக்கணும்னுதான் செஞ்சேன் என்றேன்.

“அவ பயப்படறா, பாத்தியா? மாஸ்க்குக்குள்ள இருமறதுக்குக்கூட உன்னைப் பாத்துட்டுதான் இருமறா.”

பார்த்தேன். உண்மைதான். என்னைப் பார்த்து, உதட்டை இறுக்கி, முகம் சிவந்து... சீ. நான் என்ன மனுஷன்? வெளியில வந்து காரிடார்ல நின்னேன். யாரோ வாந்தி எடுத்ததைக் கழுவிட்டிருந்தாங்க, அந்த நாத்தம்கூட எனக்குத் தேவலையா இருந்தது.

11 டிசம்பர்

வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்தச் சுவர் இருக்கிற வீட்டுக்கே. வேறு வீடு ஏது?

தலைமையாசிரியருக்கு டோரீன் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வீடு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். அவர் என்ன சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை. டோக்கன் பணம் இன்றே திரும்பி வந்தது. அது என்னை இன்னும் வெட்கப்பட வைத்தது.

12 டிசம்பர்

ஆபீஸ். ஹாசனிலிருந்து ஒரு கோப்பு. லாரி டிரைவர், ஆஸ்துமா இருந்ததை மறைத்திருக்கிறார். எல்லா ஆதாரமும் இருக்கிறது. இரண்டு மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வழக்கமான வரியை எழுதி அனுப்பினேன். வேறு என்ன செய்வேன்? அனுப்பாவிட்டால் பக்கத்தில் நோயல் அனுப்புவான். மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி எடுத்து வந்தேன்.

25 டிசம்பர்

பூசைக்கு மூன்று பேரும் போனோம். டோரீன் என்னிடம் பேசிய வார்த்தை: உப்பு, சாவி, குடை.

2 ஜனவரி 2025

சந்தானம் சார் பெயின்ட் அடிக்க ஆள் அனுப்பினார். புத்தாண்டுப் பரிசோ என்று ஒரு கணம் நினைத்த மடையன் நான். பிப்ரவரிக்குள் காலி செய்துவிட வேண்டுமாம். “உங்களுக்கு இந்த வீடு ஒத்துக்கல, ஃபிராங்க்ளின். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றார். பெயின்டர் பூசணத்தைச் சுரண்டக்கூட இல்லை. ஈரத்தின் மேலேயே இளமஞ்சள் அடித்துவிட்டுப் போனான். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, மரியாவை மூன்று நாளுக்கு நீலசந்திராவில் டோரீனின் அக்கா வீட்டுக்கு அனுப்பினோம்.

12 ஜனவரி, ஞாயிறு

சந்தானம் சார் ஒரு ஜோடியைக் கூட்டி வந்தார். அபினவ் என்று பையன், ஏதோ சாஃப்ட்வேர். அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம் இருக்கும். “ஹொசதா பெயின்ட் மாடிதீனி, நோடி” என்று கன்னடத்தில் புதுப் பெயின்டைப் பெருமையாகக் காட்டினார். அவர்களுக்குச் சுவர் பிடித்துப்போயிற்று. தொட்டில் எங்கே போடலாம் என்று அந்தப் பெண் கணவனிடம் கேட்டாள். நான் கதவோரம் நின்றேன். அட்வான்ஸ் இன்னும் அவர் கையில் இருக்கிறது. வாயைத் திறந்தால் அதை இழுத்தடிப்பார். இதைத்தான் யோசித்துக்கொண்டு நின்றேன், வேறொன்றும் இல்லை.

டோரீன் சமையலறையிலிருந்து வந்தாள். கட்டிலைப் பிடித்து இழுத்தாள். பின்னால் பத்து நாள் பெயின்டைப் பிய்த்துக்கொண்டு கறுப்பாக வந்திருந்தது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். அவ்வளவுதான்.

அவர்கள் போய்விட்டார்கள். சந்தானம் சார் என்னைத்தான் முறைத்தார். உங்க மனைவிக்கு மரியாதை தெரியாது என்று தமிழில் சொன்னார்.

“தெரியும் சார்” என்றேன்.

இந்த நாலு வருஷத்துல நான் அவருக்குப் பதில் சொன்னது அது ஒண்ணுதான். அதுவும் அவ செஞ்சதுக்கு.

சாயங்காலம் டோரீன் தானாகவே பேசினாள். ஜோலார்பேட்டையில் ஒரு வீடு இருப்பதாகக் கிளினிக்குக்கு வரும் ஒரு ரயில்வே பேஷன்ட் சொன்னாராம். போகலாமா என்றாள். இந்த முறை அவளும் வருவாளாம். மரியா இருமுவாளாம். அதையும் சொன்னாள்.

26 ஜனவரி, ஞாயிறு

வீட்டுக்காரர் பெயர் தணிகாசலம், ரயில்வேயில் எலக்ட்ரிக்கல் வேலை, என் வயதுதான். காலை ஆறரைக்கே வந்துவிடுங்கள், அப்புறம் டியூட்டி என்று போனில் சொல்லியிருந்தார். அதற்காக நேற்று மாலையே போய் ஸ்டேஷன் பக்கம் லாட்ஜில் தங்கினோம். லாட்ஜ் போர்வையைப் பற்றி எழுத மாட்டேன்.

அவர்கள் கீழே இருக்கிறார்கள், பக்கத்திலேயே இன்னொரு போர்ஷனில் ஒரு வாடகைக் குடும்பம். மாடியில் இரண்டு அறையும் முன்னால் மொட்டை மாடியும் எங்களுக்கு. காலையில் குளுகுளுவென்று இருந்தது. எல்லா ஜன்னலையும் திறந்து, தரையில் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். வாடகை நாங்கள் பார்த்த எல்லா ஊரையும்விடக் குறைவு. ஏன் இவ்வளவு குறைவு என்று நான் கேட்கவில்லை. கேட்டு வைத்து ஏற்றிவிட்டால்?

அவருடைய மனைவி அலமேலு டீ கொண்டு வந்தார். மரியா என் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் முதுகு நடுங்குவது தெரிந்தது. குனிந்து பார்த்தேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். முகம் இரத்தச் சிவப்பு. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது.

நான் சொல்லிக் கொடுத்தது. ஒன்றரை மாதம் ஆகியும் மறக்கவில்லை.

அங்கேயே தரையில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துவிட்டேன். “இருமு செல்லம். டாடி சும்மா சொன்னேன். நல்லா இருமு” என்றேன். அவள் இருமினாள். இருமி, இருமி, அந்தத் தெளித்த தரையிலேயே வாந்தி எடுத்தாள். டோரீன் தன் துப்பட்டாவால் துடைக்கப் போனாள். அலமேலு தடுத்துவிட்டு கீழே போய் மண் அள்ளி வந்து போட்டார்.

டோரீன் நின்றபடியே சொன்னாள். “வீசிங் இருக்குங்க. ரெண்டரை வருஷமா. ஒட்டாது. ஆனா ராத்திரியில சத்தம் கேக்கும். காஞ்ச ஊர் வேணும்னுதான் தேடிட்டு வந்தோம். உங்களுக்கு சரிப்படலன்னா இப்பவே சொல்லிடுங்க, நாங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டோம்.”

தணிகாசலம் சுவரைப் பார்த்தார். இனி போன் பண்ணுகிறேன் என்பார், எனக்குத் தெரியும். எழுந்து பையை எடுத்தேன்.

அலமேலுதான் பேசினார். எங்களிடம் அல்ல, கணவரிடம். “அவங்க உள்ளதைச் சொல்லிட்டாங்க. நீ சொல்றியா, நான் சொல்லட்டா?”

அவர் சும்மா இரு என்று முணுமுணுத்தார். அந்த அம்மாள் இருக்கவில்லை.

“இது கோடைக்கு ஆவாத வீடும்மா. மேல தளம் ஒத்தைக் காங்கிரீட்டு. மார்ச்சுல இருந்து உள்ள நிக்க முடியாது. அதான் காலையில வரச் சொன்னாரு. போன வருஷம் வந்தவங்க மே மாசமே ஓடிட்டாங்க, அதுக்கு முந்தின வருஷமும். மத்தியானம் சுவத்துல கை வெச்சா சுடும்.”

“ஈரம்?” என்றாள் டோரீன்.

“ஈரமா? துணி போட்டா அரை மணியில மொடமொடன்னு நிக்கும். ஈரத்துக்கு எங்க போறது?”

டோரீன் என்னைப் பார்த்தாள். டிசம்பருக்குப் பிறகு என்னை முழுதாகப் பார்த்தது இன்றுதான். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அவள் சிரித்தாள். எதற்கு என்று அந்தப் புருஷன் பெண்டாட்டிக்குப் புரியவில்லை. தணிகாசலம் முகம் கறுத்துப்போய், வேண்டாம் என்றால் பரவாயில்லை சார், மறைக்கணும்னு இல்ல என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மறைப்பதைப் பற்றி என்னிடமா!

15 பிப்ரவரி

சாமான் எல்லாம் ஒரு சின்ன லாரியில் அடங்கிவிட்டது. மெத்தையைத் தூக்கியபோது அடியில் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். அதைக் குப்பையில் போட்டோம். இத்தனை நாள் அதில்தான் படுத்திருக்கிறோம்.

சந்தானம் சார் பெயின்ட் செலவைப் பிடித்துக்கொண்டுதான் அட்வான்ஸைக் கொடுத்தார். அந்தப் பெயின்டுக்கு. கேட் வரை வந்து மரியாவுக்கு ஒரு சாக்லேட்டும் கொடுத்தார்.

9 மார்ச்

அலமேலு பொய் சொல்லவில்லை. குழாயைத் திறந்தால் வெந்நீர். எங்கும் ஈ. கழுத்தெல்லாம் வேர்க்குரு. மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை லேப்டாப்பே மயங்கிவிடுகிறது. தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு கோப்பு பார்க்கிறேன். இந்த ஊர்க் கொசு கடித்தால் இரண்டு நாள் வீங்குகிறது. தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். எனக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை. எழுதி வைக்கிறேன், பிடிக்கவில்லை.

டோரீனுக்குத் திருப்பத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது.

27 ஏப்ரல்

திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் தலைமையாசிரியரைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றியது. போய் நின்று, “சார், அன்னிக்கு நான்தான்...” என்று ஆரம்பித்தேன். அவருக்கு ஞாபகம் இருந்தது. பெண் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்டார். பள்ளிக்கூடம் எங்கே சேர்க்கப் போகிறோம் என்றும் கேட்டார். இரண்டு பள்ளிகளின் பெயரைச் சொன்னார், ஒன்றை வேண்டாம் என்றார். பஸ் வந்ததும் ஏறிவிட்டார். என்னை மன்னித்தாரா என்று தெரியாது. கேட்கிற யோக்கியதை எனக்கில்லை.

11 மே, ஞாயிறு

கீழே இருந்த வாடகைக் குடும்பம் மாற்றலாகிப் போகிறது. தணிகாசலம் மேலே வந்து, நீங்கள் கீழே வந்துவிடுங்கள், வாடகை அதேதான், பாவம் பிள்ளையோடு வேகுறீங்க என்றார். கீழ் போர்ஷனில் மாமரத்து நிழல். தரை சில்லென்று இருக்கும். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

டோரீன் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மாமரத்துப் பக்கச் சுவர் கொஞ்சம் ஜில்லென்று இருக்கிறது என்றாள். ஈரம் இல்லை, ஜில்லென்று மட்டும். நானும் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.

மேலேயே இருந்துவிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினேன். தணிகாசலம் எங்களைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

17 ஜூன், செவ்வாய்

ஆபீஸ் நாள். திரும்பும் வண்டி ஒரு மணி நேரம் தாமதம், உட்கார இடமில்லை. கக்கூஸ் பக்கத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே ஏதோ ஒழுகி என் செருப்பு வரை வந்தது. எது என்று பார்க்கவில்லை. பங்காரப்பேட்டை தாண்டும்போது மழை, முதுகு முழுக்க நனைந்துவிட்டது. வாரத்தில் இரண்டு நாள், போக வர ஐந்து மணி நேரம், இன்னும் எத்தனை வருடமோ. ஒவ்வொரு செவ்வாயும் இந்த வண்டியைத் திட்டிக்கொண்டேதான் ஏறுகிறேன், திட்டிக்கொண்டேதான் இறங்குவேன்.

குப்பம் வருமுன் மரியா டோரீனின் போனிலிருந்து கூப்பிட்டாள். மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் அடியில் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறதாம், ஒன்று வெள்ளையாம், ஒன்று பாதி வெள்ளையாம், மூன்றாவது என்ன கலர் என்று அலமேலு ஆன்ட்டிக்கே தெரியவில்லையாம், தாய்ப்பூனை பக்கத்தில் போனால் உஸ் என்கிறதாம், அதனால் இவள் கீழிருந்து படிக்கட்டில் ஏறி ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கி ஓடி வந்துவிடுகிறாளாம், இதுவரை ஒன்பது தடவை ஓடினாளாம், மம்மி பால் வைக்கச் சொன்னாளாம், ஆனால் தட்டு வேண்டுமாம், பழைய தட்டுப் போதுமா டாடி, புதுத் தட்டு வேண்டாம்தானே, வெள்ளைக் குட்டிக்குக் கண்ணே திறக்கவில்லை டாடி, ஆனாலும் அது நடக்கிறது...

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மழைச் சத்தத்தில் அவள் குரல் ஒரு இடத்திலும் அறாமல் வருவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பாறைக் குன்றுகளுக்கு நடுவே வந்ததும் சிக்னல் போய்விட்டது. அப்போதும் அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.